நாற்பத்தொரு பேர் கேட்ட தீவு

நடுக்கடலில் ஒரு படகு உதவி கேட்டுக் கூப்பிடுகிறது. அந்தக் கூப்பாடு உங்கள் காதில் விழுந்துவிட்டது. அதை உடனே உலகத்துக்கெல்லாம் சொல்வதா, வாயை மூடிக்கொண்டிருப்பதா? யாரைக் கேட்டாலும் சொல்ல வேண்டும் என்றுதான் சொல்வார்கள். மணப்பாட்டுத் தெல்மா மட்டும் ஆறு வருடமாக வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

காரணம் புரிய வேண்டுமானால் வானம் கெட்டுப்போன வருடத்திலிருந்து தொடங்க வேண்டும். இரண்டு செயற்கைக்கோள்கள் மோதின. உடைந்த துண்டுகள் இன்னும் நாலை உடைத்தன. பதினோரு மாதத்தில் பூமியைச் சுற்றி வேகமாகப் பறக்கும் ஒரு குப்பைக் கூளம்தான் மிச்சம். கடலடியில் கிடந்த கம்பிவடங்கள் பிழைத்ததால் ஊருக்குள் போனும் இணையமும் பழையபடி ஓடின. கரையைவிட்டு நாற்பது கடல் மைல் தாண்டினால் ஒன்றும் கிடையாது. படகில் இடம் காட்டும் கருவி வெறும் கண்ணாடிச் சில்லாயிற்று. ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் சூரியன் உச்சிக்கு வரும் நேரம் பார்த்து இடம் கணக்கிடவும், சிற்றலை ரேடியோவில் புள்ளியும் கோடுமாக மோர்ஸ் தட்டவும் மறுபடி கற்றுக்கொண்டார்கள்.

சிற்றலையில் ஏற்கெனவே ஒரு கூட்டம் குடியிருந்தது. வீட்டு மாடியில் கம்பி கட்டி, தூரதேசத்து ஆட்களோடு பேசுவதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள். அவர்களுக்கு இணையத்தில் ஒரு பொதுப் பட்டியல் உண்டு, பலகை என்பார்கள். அபூர்வமான நிலையம் ஏதாவது காதில் விழுந்தால் அதன் பெயர், அலைவரிசை, நேரம் மூன்றையும் பலகையில் போட வேண்டும். தான் கேட்டதை மறைத்துவைத்துக்கொள்கிறவனை அந்தக் கூட்டம் மதிக்காது. போட்ட நிமிடத்தில் மற்றவர்கள் அந்த அலைவரிசைக்குத் திருப்பித் தாங்களும் கூப்பிடுவார்கள். ஒரு பதில் கிடைத்தால் போதும், அவர்கள் பட்டியலில் ஒரு பெயர் கூடும்.

உலக வரைபடத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, எத்தனை கட்டங்களோடு பேசியாயிற்று என்று எண்ணுவது அவர்களுடைய ஆட்டம். துளி நிலம்கூட இல்லாத, வெறும் கடல் மட்டுமே உள்ள கட்டத்துக்கு ஈரக் கட்டம் என்று பெயர். முன்பு ஈரக் கட்டத்திலிருந்து பேச ஆளே இருக்காது. படகுகளெல்லாம் ரேடியோ ஏற்றியதும் அந்தப் பைத்தியம் உலகம் முழுக்கப் பிடித்துக்கொண்டது. பைத்தியத்துக்குத் தோதாக மெஷின்களும் வந்தன. ஆளில்லாக் காது என்று ஒன்று: இருபத்துநாலு மணி நேரமும் கேட்டுக்கொண்டிருக்கும், கேட்டதைத் தானே பலகையில் போடும். கூப்பிடும் மெஷின் என்று இன்னொன்று: பலகையைப் பார்த்துக்கொண்டே இருக்கும், புதிய பெயர் வந்தால் சொந்தக்காரன் தூங்கினாலும் குளித்தாலும் அவன் பெயரில் தானே கூப்பிடும்.

தெல்மாவின் கணவன் பாஸ்கல் தூத்துக்குடிப் படகொன்றில் ரேடியோ பார்த்தவன். ஆறு வருடத்துக்கு முன்பு ஒரு நவம்பர் மாதம் அந்தப் படகு திரும்பி வரவில்லை. அவன் கடைசியாகக் கூப்பிட்டதைக் கேட்டவள் தெல்மா. பலகையில் போட்டவளும் அவள்தான். அதற்குப் பிறகு அவள் பலகையில் ஒரு வரி போட்டதில்லை. படகுகளின் ரேடியோவைப் பழுது பார்ப்பாள். தினமும் மாலை நான்கரை முதல் ஆறரை வரை மீனவர் அலைவரிசையைத் திறந்துவைத்துக் கேட்பாள். ஏதாவது கேட்டால் கடலோர மீட்பு அலுவலகத்துக்குப் போன் செய்வாள். அவ்வளவுதான்.

அந்தப் புதன்கிழமை காயல்பட்டினத்திலிருந்து டாக்டர் உவைஸ் வந்திருந்தார். பல் டாக்டர். நாற்பத்தைந்து வயது. ஒரு கையில் புகைந்துபோன ரேடியோ, மறு கையில் இனிப்பு வைத்த டிபன் கேரியர்.

"வட்டலப்பம், அக்கா. செட்டைச் சரி பண்ணினாத்தான் தருவேன்."

"செட்டு புகையாம என்ன செய்யும்? மெஷினை மாட்டிவிட்டுட்டு நீங்க பல்லு புடுங்கப் போயிருதிய. அது நாள் முழுக்கக் கத்திக்கிட்டுக் கெடக்கு."

"நான் புடுங்கலேன்னா ஊருக்கு வலிக்கும். அது கத்தலேன்னா எனக்குக் கட்டம் கிடைக்காது."

"எத்தனை ஆயிருக்கு?"

"அறுநூத்திப் பதினொண்ணு." மகளின் பரீட்சை மதிப்பெண்ணைச் சொல்வதுபோல் சொன்னார். "தமிழ்நாட்டுலயே நான்தான். இது போனா என்ன, வீட்டுல புது செட்டு ஓடிக்கிட்டுத்தான் இருக்கு."

தெல்மா கையை உயர்த்தி அவரை நிறுத்தச் சொன்னாள். மேசை மேலிருந்த ஒலிபெருக்கியில், இரைச்சலுக்கு அடியில், யாரோ மோர்ஸ் தட்டிக்கொண்டிருந்தார்கள். மெதுவான, பழக்கமில்லாத கை. அவள் பென்சிலை எடுத்தாள்.

புனித அன்னம்மாள். தூத்துக்குடி. எஞ்சின் இல்லை ஒன்பது நாள். தண்ணீர் ஏறுகிறது. ஏழு பேர். வடக்கு இரண்டு பாகை நாற்பது. கிழக்கு...

இரைச்சல் அலைபோல் எழுந்து அதை மூடியது.

"கிழக்கு எத்தனை?" என்றார் உவைஸ்.

"கேக்கலியே." தெல்மா மோர்ஸ் தட்டும் சாவியை இழுத்துப் படகின் பெயரைத் தட்டினாள். கேட்டது, கிழக்கு மட்டும் மறுபடி சொல் என்றாள். ஒரு நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு படகில் தட்டுகிறவன் மறுபடி முதலிலிருந்து தொடங்கினான். அவனுக்கு இவள் சொன்னது அரைகுறையாகத்தான் கேட்டிருக்கும். வடக்கு இரண்டு நாற்பது மறுபடியும் தெளிவாக வந்தது. கிழக்கு மறுபடியும் போயிற்று. கடைசியில் இரண்டு சொல் மட்டும் வந்தது: பேட்டரி குறைவு.

அவள் மீட்பு அலுவலகத்துக்குப் போன் போட்டாள். எடுத்த பெண் பொறுமையாகக் கேட்டாள். "வடக்கு மட்டும் போதாதும்மா. ஒன்பது நாளா நீரோட்டத்துல போன படகு. கிழக்கு எண்பதுலயும் இருக்கலாம், எண்பத்தெட்டுலயும் இருக்கலாம். நடுவுல நானூத்தி எண்பது கடல் மைலு. கிழக்கு தெரிஞ்சா அந்தப் பக்கம் போற சரக்குக் கப்பல் ஒண்ணைத் திருப்பிவிடலாம். எப்படியாவது வாங்கித் தாங்க."

போனை வைத்ததும் உவைஸ் சொன்னார்: "பலகையில போடுங்க அக்கா. மாலத்தீவுல, மொரீஷியஸ்ல, ஆஸ்திரேலியாவுல எவனுக்காவது நல்லாக் கேக்கும். ஒருத்தன் கிழக்கை வாங்கித் தந்தாப் போதுமே."

"போட மாட்டேன்."

"ஏழு உசுரு அக்கா!"

"அதுக்குத்தான் போட மாட்டேங்கேன்." அவள் திரும்பாமலே சொன்னாள். "பாஸ்கல் கூப்பிட்டப்ப நான் போட்டேன். போட்ட ரெண்டாவது நிமிசம் நானூறு பேரு அந்த அலைவரிசையில வந்து விழுந்தாவ. எல்லாவனுக்கும் ஈரக் கட்டம் வேணும். எங்க அவுக தட்டுறது அன்னைக்கி ஒரு பொட்டு எனக்குக் கேக்கலை. ஆனா பலகையில மட்டும் வரி வந்துக்கிட்டே இருந்துச்சு. பிரேசில்ல கேட்டுச்சு, ஜப்பான்ல கேட்டுச்சுன்னு. ஒரு நாளு இல்ல, மூணு நாளு. மூணு நாளு அவுக கூப்பிட்டிருக்காவ டாக்டரு. மூணு நாளும் அந்தக் கூட்டம் மேல ஏறி மிதிச்சுக்கிட்டே நின்னிருக்கு. கூட்டத்தைக் கூட்டிக்கிட்டு வந்தவ நான்."

உவைஸுக்கு அவள் விதவை என்று தெரியும். இது தெரியாது. டிபன் கேரியரை எங்கே வைப்பது என்று தெரியாதவர்போல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

பத்து நிமிடம் கழித்துப் படகு மறுபடி கூப்பிட்டது. வெயில் தாழத் தாழச் சிற்றலை தூரத்தை இழுத்துக்கொண்டு வரும். முன்னைவிடச் சற்றுத் தெளிவாகவே இருந்தது. வடக்கு முடிந்து கிழக்கு என்ற சொல் வந்தது. தெல்மா பென்சிலைத் தாளில் ஊன்றினாள்.

அப்போது யாரோ கூப்பிட்டார்கள். அவர்மேல் இன்னொருவர். இரண்டு நான்காகி, நான்கு நாற்பதாகி, கோழிப்பண்ணைக்குள் நாய் புகுந்ததுபோல ஒலிபெருக்கி முழுக்க ஒரே கூச்சல்.

உவைஸ் போனில் பலகையைத் திறந்தார். "மொரீஷியஸ்ல ஒரு ஆளில்லாக் காது போட்டுட்டுது அக்கா. பேரும் அலைவரிசையும். 'நடுக்கடல் படகு'ன்னு." மேலே தள்ளிப் பார்த்தார். "முன்னூத்தி இருபது மெஷின் பாஞ்சிருக்கு."

"உங்களுது?"

அவர் பார்த்தார். முகம் மாறிற்று. உடனே வீட்டில் மனைவிக்குப் போன் போட்டார். "மரியம், மாடிக்குப் போயி அந்த ரேடியோ பிளக்கைப் புடுங்கு... ஆமா, நான்தான்... நெசமாத்தான் சொல்லுதேன்!" போனை இறக்கினார். "பத்தொம்பது வருசமா காத்துக்கிட்டு இருந்திருக்கா. நான் பேசி முடிக்கல, புடுங்கிட்டா."

"முன்னூத்திப் பத்தொம்பது," என்றாள் தெல்மா.

உவைஸ் பலகையில் எழுதினார்: இது ஆபத்து அழைப்பு, தயவுசெய்து கூப்பிடாதீர்கள். பெரிய எழுத்தில் மூன்று முறை எழுதினார். போலந்திலிருந்து ஒரு மனிதர் மன்னிப்புக் கேட்டு விலகினார். நியூசிலாந்தில் ஒரு பெண்மணி விலகினார். அவ்வளவுதான். மற்றவர்கள் அங்கே இல்லை. சிலர் வேலைக்குப் போயிருந்தார்கள், சிலர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மெஷினுக்குப் பெயரும் எண்ணும்தான் தெரியும், தயவு தெரியாது.

"அவனை வேற அலைவரிசைக்கு மாறச் சொல்ல முடியாதா?"

"நாம சொல்லுறது கேட்டாத்தானே மாறுவான். அவன் செட்டு நான் பழுது பாத்த செட்டுதான். அதுல ஒரே ஒரு அலைவரிசைதான் இருக்கு."

கூச்சலுக்கு அடியில் அந்த மெதுவான கை இன்னும் தட்டிக்கொண்டிருந்தது. ஒரு கோடு கேட்கும், ஒரு புள்ளி கேட்கும். தெல்மா அழவில்லை. சுவரில் தொங்கிய வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் அடிவிளிம்பில், தென்துருவத்துக்குப் பக்கத்தில், பேனா முனையால் வைத்த புள்ளியளவுக்கு ஒரு பனித்தீவு.

"டாக்டரு, உங்க மெஷினுக்கு முதல்ல எது வேணும்னு வரிசை போட்டிருப்பிய இல்ல? மேலே என்ன இருக்கு?"

"எல்லாருக்கும் அதேதான் அக்கா. அந்தத் தீவுதான். ஆள் கிடையாது, போக வழி கிடையாது. முப்பது வருசமா அங்கேருந்து ஒரு சத்தம் வரல. அது மட்டும் வந்திச்சுன்னா..." பாதியில் நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்.

"அது வந்திருச்சுன்னு பலகையில போட்டா?"

"பொய்யாவா?"

"பொய்யாத்தான். இந்த அலைவரிசையிலேருந்து ரொம்பத் தள்ளி, காலியாக் கெடக்கிற இன்னொண்ணுல."

உவைஸ் நாற்காலியில் உட்கார்ந்தார். அந்தக் கூட்டத்தில் எதை வேண்டுமானாலும் மன்னிப்பார்கள். சண்டை போடலாம், முந்தலாம், அடுத்தவன் மேல் கத்தலாம். கேட்காததைக் கேட்டதாகப் பலகையில் போட்டால் மன்னிப்பு இல்லை. வானம் கெட்ட பிறகு பலகை கப்பல்களுக்கும் உதவியதால் அரசாங்கமும் கடுமையாக இருந்தது. பொய் வரி போட்டவரின் உரிமம் போகும். உரிமம் இல்லாமல் தெல்மா ஒரு செட்டைக் கையால் தொட முடியாது.

"உங்க பொழப்பு போயிரும் அக்கா."

"போவட்டும்."

"அது போகட்டும். நீங்க ஒருத்தர் போட்டா நடக்காது." அவர் குரல் இறங்கிற்று. "ஆளில்லாக் காது போட்டா மெஷின் உடனே பாயும், மனுசன் ஒருத்தன் போட்டா இப்பல்லாம் நகராது. பொய்யா இருக்கும்னு பாத்துக்கிட்டு நிக்கும். ரெண்டு வேற வேற ஆளு சொன்னாத்தான் நம்பும்."

இருவரும் ஒலிபெருக்கியைக் கேட்டார்கள். தெல்மா அவரிடம் எதுவும் கேட்கவில்லை. அவர்தான் பேசினார்.

"அறுநூத்திப் பதினொண்ணையும் அழிச்சிருவாங்க. தெரியுமா?"

"தெரியும்."

"பத்தொம்பது வருசம். என் நிக்காஹ் அன்னைக்கிக்கூட மாடியில போயி ஒரு கட்டம் புடிச்சிட்டு வந்தேன்." நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அலைவரிசையைச் சொல்லுங்க அக்கா. நீங்க முதல்ல போடுங்க. ஒரு நிமிசம் விட்டு நான் போடுதேன். ஒரே நேரத்துல போட்டா சந்தேகப்படும்."

ஆறு வருடத்துக்குப் பிறகு தெல்மா பலகையில் ஒரு வரி போட்டாள். தீவின் பெயர், ஒரு பொய் அலைவரிசை, மாலை ஐந்து நாற்பத்தொன்று. ஐந்து நாற்பத்திரண்டுக்கு உவைஸ் அதையே போட்டார். கூடவே 'தெளிவாகக் கேட்கிறது, வேகமாகப் பதில் தருகிறார்' என்று சேர்த்தார். அவளைப் பார்த்து, "பொய் சொல்லுறதுன்னு ஆன பிறகு கஞ்சத்தனம் எதுக்கு?" என்றார்.

கூச்சல் மெலிந்தது. முதலில் ஜப்பான்காரர்கள் போனார்கள். பிறகு ஐரோப்பா மொத்தமாக எழுந்து போயிற்று. ஒன்றரை நிமிடத்தில் ஒலிபெருக்கியில் மழை நின்ற பின் கூரையிலிருந்து சொட்டுவதுபோல அங்கொன்றும் இங்கொன்றும். பிறகு அதுவும் இல்லை.

அந்த அமைதியில் தெல்மா தட்டினாள். புனித அன்னம்மாள், கூட்டம் போய்விட்டது, கிழக்கு மட்டும் சொல்.

நெடுநேரம் ஒன்றுமில்லை. உவைஸ் உதட்டுக்குள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தார்.

கிழக்கு எண்பத்து நான்கு பாகை பத்து. அவன் அதை ஐந்து முறை தட்டினான். ஐந்தாவது முறை பாதியில் பேட்டரி செத்தது. தெல்மாவின் தாளில் அது நாலு முறை முழுதாக இருந்தது.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு மீட்பு அலுவலகத்துப் பெண் போன் செய்தாள். சரக்குக் கப்பல் படகைப் பிடித்துவிட்டது. ஏழு பேரும் ஏறிவிட்டார்கள். ஒருவருக்குக் கை ஒடிந்திருக்கிறது, மற்றபடி பசிதான். தெல்மா போனை வைத்துவிட்டு, முந்தைய நாள் யாரும் தொடாத வட்டலப்பத்தை எடுத்து நின்றபடியே முழுவதையும் தின்று தீர்த்தாள்.

விசாரணை இரண்டு வாரத்தில் முடிந்தது. ஏழு பேர் பிழைத்ததைக் கணக்கில் கொண்டு உரிமத்தைப் பறிக்கவில்லை. ஒரு வருடம் பலகையில் எதுவும் போடக் கூடாது என்று மட்டும் எழுதினார்கள். உவைஸின் கட்டங்களை அழித்துவிட்டார்கள். பழுது பார்த்த செட்டைக் கொடுக்கத் தெல்மா காயல்பட்டினம் போனபோது அவர் ஒரு நோயாளிக்கு மரத்துப்போகும் ஊசி போட்டுவிட்டு, அது பிடிக்கும்வரை சும்மா உட்கார்ந்திருந்தார்.

"வாங்க அக்கா, ஜீரோ கட்டத்துக்காரன் வீட்டுக்கு." அவர் உற்சாகமாகத்தான் இருந்தார். "ஒரு கூத்து கேளுங்க. நாம போட்ட பொய்த் தீவு இருக்குல்லா, அதைக் கேட்டதாப் பலகையில எத்தனை பேரு போட்டிருக்கான் தெரியுமா? நாப்பத்தொரு பேரு! பதினாலு நாடு. எவ்வளவு சத்தமாக் கேட்டிச்சுன்னு அளவு வேற. அர்ஜென்டினாவுல ஒருத்தரு, கேட்டதுக்குத் தீவுலேருந்து அத்தாட்சி அட்டை இன்னும் வரலைன்னு எனக்குக் கோவமா எழுதியிருக்காரு."

நாற்காலியில் வாயில் பஞ்சோடு கிடந்தவர்கூட "ம்ம்?" என்றார்.

தெல்மா சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "இல்லாததை எப்படிக் கேட்டாவ?"

"பொய் சொல்லல அக்கா, பாவம். மெஷின் கேக்கிற விதம் அப்படி. தானாக் கேட்டா உள்ளதைத்தான் கேக்கும். பலகையில பேரைப் பாத்துட்டா, இந்தப் பேரு இருக்கா, இந்தப் பேரு இருக்கான்னு இரைச்சலுக்குள்ள தேடும். இரைச்சல்ல எல்லாமும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும்லா? தேடினா கிடைக்கும். கிடைச்சதும் அதுவும் பலகையில போடும். அதைப் பாத்து அடுத்தது தேடும்."

தெல்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்ப ஆறு வருசத்துக்கு முன்னாடியும் இப்படித்தானா?"

உவைஸின் முகத்திலிருந்த உற்சாகம் போய்விட்டது. எழுந்து கையுறையைக் கழற்றினார். மேசையிலிருந்த கணினியில் பலகையின் பழைய ஏடுகளைத் திறந்தார். அந்த நவம்பர் பத்தொன்பதிலிருந்து இருபத்தொன்றுவரை தேடி எடுத்தார். பாஸ்கலின் படகுப் பெயரில் மெஷின்கள் போட்ட அறுபத்துமூன்று வரிகள் இருந்தன.

"ஓரத்துல ஒரு பத்தி இருக்கு பாருங்க. பேரைத் தெரிஞ்சுகிட்டுத் தேடிக் கேட்டதா, தெரியாமலே கேட்டதான்னு மெஷினே எழுதி வைக்கும். யாரும் அதைப் பாக்கிறதில்ல." விரலால் கீழே இறங்கினார். "தெரிஞ்சு. தெரிஞ்சு. தெரிஞ்சு. எல்லாம் தெரிஞ்சுதான்."

"எல்லாமா?"

"ஒண்ணைத் தவிர. இது மாலத்தீவுல ஒரு பழைய காது. அந்தக் காலத்துது, கேட்டதை உடனே போடாது, நாலஞ்சு நாளு கழிச்சு மொத்தமா ஏத்தும். அதான் கடைசியில கெடக்கு." அவர் திரையை அவள் பக்கம் திருப்பினார். "தெரியாமலே கேட்டது. பத்தொம்பதாந் தேதி சாயங்காலம் அஞ்சு பன்னெண்டு. அஞ்சு பதினஞ்சு. அஞ்சு பத்தொம்பது. அதுக்கப்புறம் விடியுற வரைக்கும் அதே அலைவரிசையிலதான் இருந்திருக்கு. ஒண்ணும் கேக்கல. நீங்க எப்பப் போட்டிய?"

அவளுக்கு அது எந்த நாளும் மறந்ததில்லை. முதலில் அவனுக்குப் பதில் தட்டினாள். பிறகு துறைமுகத்துக்குப் போன் போட்டாள். பிறகுதான் பலகைக்கு வந்தாள்.

"அஞ்சு இருபத்தாறு."

"ஏழு நிமிசம் அக்கா," என்றார் உவைஸ். "அந்தக் கூட்டம் வந்து மிதிச்சது வெறும் காலியிடத்தை."

தெல்மா, யாரோ தன்னிடமிருந்து பறிக்கப் போவதுபோல, மெதுவாகச் சொன்னாள்: "மூணாம் நா சாயங்காலம் நானே கேட்டேன் டாக்டரு. மெஷின் இல்ல, என் காதால. அவுக தட்டுற கை எனக்குத் தெரியாதா?"

உவைஸ் நோயாளியின் கன்னத்தை விரலால் தட்டிப் பார்த்தார். இன்னும் மரக்கவில்லை.

"உங்களுக்கும் பேரு தெரியும்லா, அக்கா," என்றார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மூன்று நாள் என்பதை அவள் இந்த ஆறு வருடமும் மணி மணியாக வாழ்ந்து பார்த்திருக்கிறாள். முதல் ராத்திரி அவனுக்குத் தாகம் எடுத்திருக்கும். இரண்டாம் நாள் வெயிலில் என்ன செய்திருப்பான். தன்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பதில் வராமல் என்ன நினைத்திருப்பான். அந்த ராத்திரி இல்லை, அந்த வெயில் இல்லை. ஏழு நிமிடத்துக்குள் கடல் எதையோ முடித்துவிட்டது. அந்த நிமிடங்களிலும் அவள் பதில் தட்டிக்கொண்டுதான் இருந்தாள். அது அவனுக்குக் கேட்டிருக்கக்கூடக் கூடும். ஆறுமுகநேரி தாண்டியதும் அவளுக்கு அழுகை வந்தது. பக்கத்து இருக்கைப் பெண் என்னம்மா என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்லம்மா, நல்ல சேதி," என்றாள்.

ஊரில் இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் தேவாலயப் பங்கு அலுவலகத்துக்குப் போனாள். ரெமிஜியுஸ் ஃபாதர் நவம்பர் மாதத்து நினைவுப் பூசைகளை எழுதிக்கொண்டிருந்தார்.

"பாஸ்கலுக்கு வழக்கம்போல இருபத்தொண்ணுதானே, தெல்மா? எழுதியாச்சு."

"இல்ல ஃபாதர். பத்தொம்பதுன்னு மாத்திருங்க."

அவர் நிமிர்ந்தார். "ஏன்? யாராவது பாத்தவங்க வந்து சொன்னாங்களா?"

"பாத்தவுக யாருமில்ல, ஃபாதர். பத்தொம்பதாந் தேதி அஞ்சு பத்தொம்பதுக்குப் பொறவு அவுகளை யாருமே கேக்கல," என்றாள் தெல்மா.

இதை ஒரு பெண் இவ்வளவு நிம்மதியாகச் சொல்வானேன் என்று ஃபாதருக்கு விளங்கவில்லை. இருபத்தொன்றை அடித்துவிட்டுப் பத்தொன்பது என்று எழுதினார்.